தறிக்குழியும் ஆடுகளமும்

ஆரணிப் பட்டை நாடறியும். ஆரணி அரிசியையும் நாடறியும். ஆனால், அந்தப் பட்டை நெய்கிற வீட்டுப் பிள்ளையின் எலும்பு எப்படி இருக்கிறது என்று எவரேனும் கேட்டதுண்டா? நாம் கேட்கிறோம்.

பகலெல்லாம் பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் உட்காருகிறான். மாலையில் வீடு திரும்பினால் தறியோரம் உட்காருகிறான். வெயில் படுவதில்லை; குதிப்பதில்லை; ஓடுவதில்லை. "பிள்ளை அடக்கமாக இருக்கிறான்" என்று பெருமைப்படுகிறோம். அடங்கிக் கிடப்பது அவன் மட்டுமா? அவன் எலும்பின் வளர்ச்சியும் அல்லவா!

தோழர்களே! எலும்பு உயிருள்ள பொருள். பாரமும் அதிர்வும் விழுகிற இடத்தில் அது தன்னைத்தானே கெட்டிப்படுத்திக் கொள்ளும். ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் இந்த இயல்பை 1892ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். 1977இல் டென்னிஸ் ஆட்டக்காரர்களைச் சோதித்தார்கள். ஆண்களுக்கு, மட்டை பிடித்த கையின் மேலெலும்புச் சுவர், மற்றக் கையினுடையதைவிட நூற்றுக்கு 35 பங்கு தடித்திருந்தது! உடலும் ஒன்று, உண்ட சோறும் ஒன்று. வேறுபட்டது உழைப்பு மட்டுமே.

அப்படியானால் எல்லா விளையாட்டும் ஒன்றுதானா? இல்லை. இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக் கழகத்தார் 12 முதல் 14 வயதுச் சிறுவர்களை ஆராய்ந்தனர். கால்பந்தாடிய சிறுவர்களின் எலும்பு, நீந்தியவர்களின் எலும்பையும் மிதிவண்டிப் பந்தயக்காரர்களின் எலும்பையும்விட வலுத்திருந்தது. காரணம் எளிது. நீரில் உடலின் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. மிதிவண்டியில் இருக்கை தாங்குகிறது. நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் அவை நல்லவையே. ஆனால் எலும்புக்கு வேண்டியது தரையில் மோதும் கால். நீந்துகிற பிள்ளையும் நாள்தோறும் சிறிது நேரம் குதித்தால் அந்தக் குறை தணியும்.

இதற்காகக் கடல் கடந்து போக வேண்டுமா? நம் கபடி இருக்கிறது! ஓடுவது, திடீரென நிற்பது, திரும்புவது, தாவுவது, எல்லாம் அதில் உண்டு. கைப்பந்து இருக்கிறது. பாண்டியும் கயிறு தாண்டலும் இருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்ட கணேசன், கபடியால் 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்றார். கிராமத்து மண் அதற்குப் போதுமானதாக இருந்தது.

இதற்குக் காலமும் உண்டு. வளரிளம் பருவத்தில், உயரம் விரைந்து கூடுகிற இரண்டே ஆண்டுகளில், முழு வளர்ச்சி பெற்றவரின் எலும்புச் சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில்தான் நாம் பெண்ணைப் பார்த்து, "பெரியவளாகிவிட்டாய், இனி என்ன ஆட்டம்?" என்கிறோம்! முதுமையில் எலும்பு தேய்ந்து ஒடிகிற துன்பம் பெண்ணுக்கே மிகுதி. அவளுடைய சேமிப்பை நாமே தடுக்கலாமா?

வெறும் வயிற்றோடு ஓடவிட்டாலும் கேடுதான். உழைப்புக்கேற்ற உணவில்லாவிட்டால் எலும்பு மெலியும். அரிசிச் சோற்றில் சுண்ணாம்புச் சத்து சொற்பம். 100 கிராம் கேழ்வரகிலோ 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கூழ் ஏழையின் உணவென்று இகழ்ந்தது போதும்.

நெசவாளித் தோழரை நாம் குறை கூறவில்லை. கூலி போதாத வீட்டில் பிள்ளையின் கையும் தேவைப்படுகிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை உதவலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் இடங்கொடுத்துவிட்டது. ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடலும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறதே, அது ஏட்டுச் சுரைக்காயா? உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்குவதை எத்தனை நாள் பார்த்திருப்பது?

பள்ளிகளில் திடல் கேட்போம். உடற்பயிற்சி வகுப்பைக் காப்போம். பிள்ளைகள் தறியோரம் உட்காராத வகையில் நியாயமான கூலி கேட்போம். அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், கொஞ்சம் சுண்ணாம்பு: கபடிக் களம் ஆயத்தம்! ஒவ்வொரு தெருத் தோழரும் ஒரு களம் கோடட்டும். மாலையில் ஒரு மணி நேரம், ஆணும் பெண்ணுமாய் நம் பிள்ளைகள் அங்கே மண்ணை மிதிக்கட்டும்!