காய்ச்சலும் பாய்ச்சலும்!

எங்கள் ஃப்ளாட்டில் பால்கனி என்று ஒன்று உண்டு. ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். இரண்டு பேர் நிற்பதென்றால் அவர்கள் கணவன் மனைவியாக இருப்பது நல்லது. அங்கே விவசாயம் செய்யப் போகிறேன் என்று நான் அறிவித்ததும் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "அப்போ துணிய எங்கேங்க காயப்போடறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் அப்போது கேள்விகளுக்கு அப்பாற்பட்ட நிலையில் இருந்தேன். மண்ணே வேண்டாம், சத்துக் கரைத்த தண்ணீரிலேயே செடி வளர்க்கலாம் என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டேன். ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். புதுசு ஒன்றுமில்லை, ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் 1946-லேயே வங்காளத்துக் கலிம்பாங்கில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்.

என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. கீரைக் கட்டு 20 ரூபாய். மாதம் 15 கட்டு. வருஷத்துக்கு 3,600 மிச்சம்! பைப்பும் மோட்டாருமாக ஒரு கிட் 9,000 ரூபாய். இரண்டரை வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அப்புறம் வருவதெல்லாம் கொள்ளை லாபம். வாங்கிவிட்டேன்.

அப்பாவிடம் காட்டினேன். மன்னார்குடிப் பக்கம் 40 வருஷம் நெல் போட்டவர். நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரண்டு வருஷமாகிறது. (விற்ற பணத்தில் பாதி இந்த ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸாகப் போனது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.) காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயந்திரம் ஈஸிசேரில் படுத்து ஃபேனைப் பார்ப்பது. கேட்டால் "நல்லாத்தாம்ப்பா இருக்கேன்" என்பார். எதிலும் பட்டுக்கொள்ள மாட்டார். கிட்டைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்துற மாதிரி இருக்கே" என்றார். மறுபடி ஃபேனைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டே மாதம். செடிகள் அத்தனையும் காலி! 9,000 ரூபாய் கொடுத்து நான் கற்ற பாடங்களை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

ஒன்று, மோட்டார். பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் வேருக்கு ஈரம். எங்கள் ஏரியாவில் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை கரண்ட் கட். நானோ ஆபீஸில். வேரோ வெயிலில்.

இரண்டு, உரம். கிட்டோடு வந்தது தீர்ந்ததும், சிக்கனமாக யூரியாவைக் கரைத்து ஊற்றினேன். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் யூரியாவைப் பக்குவப்படுத்திச் செடிக்குத் தருகின்றன. வெறும் தண்ணீரில் அந்தச் சமையல்காரர்கள் போதுமான அளவு கிடையாது.

மூன்று, தண்ணீர். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்காமல் ஊற்றினேன். நமக்கு வேண்டாமென்று கழித்த உப்பெல்லாம் அதில்தான் சார் இருக்கிறது!

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த பைப்பிலேயே துணி காயப்போட ஆரம்பித்தாள்.

ரோஷம் வந்து மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி சொன்ன முறை. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. மூடி போட்ட ஒரு தெர்மோகோல் பெட்டி போதும். உள்ளே கறுப்பு பாலிதீன் ஷீட் விரிக்க வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். மூடியில் நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் அடியில் துளை போட்ட பிளாஸ்டிக் கப். கப்பில் நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூள், அதில் நாற்று. கப்பின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். சுற்றி இடைவெளி இருந்தால் டேப் ஒட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர் என்றால் கொண்டாட்டம்.

உரம், இதற்கென்றே விற்கிற ஏ, பி இரண்டு பாட்டில்கள்தான். பற்றும் வரவும் மாதிரி தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். நேராகக் கலந்தால் கால்சியம் கட்டிப்பட்டு அடியில் படிந்துவிடும். ஒன்றைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் அடுத்தது. டி.டி.எஸ். மீட்டரில் கீரைக்கு 600 முதல் 900 வரை காட்டினால் சரி. வெறும் தண்ணீரே 500-ஐத் தாண்டினால் அது வேண்டாம். மழைத் தண்ணீர் உத்தமம். பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள். அதைப் பார்க்கிற சொட்டு மருந்து கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும்.

இரண்டு கப்பில் பாலக். மற்ற இரண்டில், கடையில் வாங்கிய புதினாவை ஆய்ந்தபின் மிஞ்சிய தண்டு. அவ்வளவுதான் முதலீடு.

பத்து நாளில் செடிகள் ஜம்மென்று எழுந்தன. திறந்து பார்த்தால் தண்ணீர் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. அடடா, தாகம் போலிருக்கிறதே என்று குடத்தைத் தூக்கினேன்.

"தம்பி, நிறுத்து!"

பின்னால் அப்பா. ஃபேனை விட்டு எப்போது எழுந்து வந்தாரோ! மூடியை என் கையிலிருந்து வாங்கித் தூக்கிப் பிடித்தார். தண்ணீருக்கு மேலே வெள்ளை வெளேரென்று வேர்கள் தொங்கின.

"மேல் வேரு மூச்சு விட்டுக்கிட்டிருக்கு. முங்க வெச்சுப்புடாதே. நெல்லுக்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் தண்ணி வைப்போம். வேருக்கும் காத்து வேணும்ல?"

க்ராட்கி முறையை மறுபடி எடுத்துப் படித்தேன். அதேதான்! தண்ணீர் இறங்க இறங்க, மேலே தெரிகிற வேர் காற்றை எடுத்துக்கொள்ளப் பழகுகிறது. பாசத்தில் விளிம்பு வரை நிரப்பினால் அது மூச்சு முட்டிச் செத்துவிடும். வேண்டுமானால் அடியில் கொஞ்சம் ஊற்றலாம். இடைவெளியை விட்டே ஆக வேண்டும். ஹவாய்க்காரர் பக்கம் பக்கமாக எழுதியதை மன்னார்குடிக்காரர் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இன்றைக்கு ஆறு பெட்டிகள். எல்லாம் அப்பா பொறுப்பு. விடியற்காலை டார்ச்சோடு எழுந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பார்க்கிறார். துணி மொட்டை மாடிக்குப் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் இன்னமும் நஷ்டம்தான். நான் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

முந்தாநாள் ஆபீஸில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன். அவராகப் போன் செய்வதே அபூர்வம். பதறி எடுத்தேன்.

"தம்பி, ஏ பாட்டில் தீந்துபோச்சு. வரும்போது வாங்கிட்டு வந்துடு. அப்புறம்..." என்று கொஞ்சம் இழுத்தார். "அந்த மொட்டை மாடி, யாரு பேர்ல இருக்கு?"

என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.