ஏமாற்றிய புத்தகங்களின் கணக்கு

"எதைப் படிக்கலாம் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். எதைப் படிக்க வேண்டாம் என்று நீங்களாவது சொல்லுங்களேன்" என்கிறார் ஒரு வாசகர். நியாயமான கேள்விதான். காசு கொடுத்து வாங்கிய நாவல் நாற்பதாவது பக்கத்தில் படுத்துவிட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? சரி, ஒரு பட்டியல் போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தபோது குறுக்கே வந்து நின்றார் ஒரு கிடர்பூர்க்காரர்.

கொல்கத்தாவின் கிடர்பூர் என்றதும் இன்று நினைவுக்கு வருவது துறைமுகம்தான். அங்கே 1892இல் கப்பல்துறை திறக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே வக்கீல் ராஜ்நாராயண் தத்தின் வீடு இருந்தது. அவருடைய மகன்தான் மைக்கேல் மதுசூதன் தத். 1824இல் ஜெஸ்ஸூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சிறுவனாகக் கிடர்பூருக்கு வந்தவர். பெரிய ஆங்கிலக் கவிஞனாக வேண்டும் என்பது அவருடைய கனவு. கிறிஸ்தவராக மதம் மாறி, 1848இல் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளிலும் எழுதினார்.

1849இல் அவருடைய முதல் புத்தகம் 'தி கேப்டிவ் லேடி' சென்னையில் வெளிவந்தது. பிருதிவிராஜனின் கதையை ஆங்கிலச் செய்யுளில் சொல்லும் முயற்சி அது. கதை நம் ஊர். உடுப்பும் நடையும் பைரன், ஸ்காட் வீட்டில் இரவல் வாங்கியவை. சென்னையில் கொஞ்சம் பாராட்டு கிடைத்தது. கல்கத்தாவில் எடுபடவில்லை.

நண்பர் கௌர்தாஸ் பசாக் ஒரு பிரதியைக் கல்விக் குழுத் தலைவர் பெத்யூனிடம் கொடுத்தார். அவர் நூலைப் புகழவில்லை, கிழித்தெறியவும் இல்லை. ஆங்கிலப் படிப்பால் வளர்ந்த ரசனையையும் திறமையையும் இந்த இளைஞர் தன் தாய்மொழிக் கவிதைக்குச் செலவிடலாமே என்று யோசனை சொன்னார். கௌர்தாஸ் அதைச் சென்னைக்கு எழுதினார். மதுசூதனுக்கு வலித்திருக்கும். ஆனாலும் காது கொடுத்தார். கிருத்திவாசரின் ராமாயணத்தையும் காசிராம் தாசரின் பாரதத்தையும் கல்கத்தாவிலிருந்து வரவழைக்கச் சொன்னார். சென்னையிலிருந்தபடியே சமஸ்கிருதமும் தெலுங்கும்கூடப் படித்தார்.

1856இல் ஊர் திரும்பியவருக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. பேல்காச்சியா நாடக மேடைக்காக 'ரத்னாவளி' என்ற வங்க நாடகத்தை ஆங்கிலத்தில் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளனைப் போல ஒரு நூலை வரிவரியாகப் படிப்பவர் யாருமில்லை. ஓட்டை எங்கே இருந்தாலும் அவன் கண்ணில்தான் முதலில் படும். இவ்வளவு சாதாரண நாடகத்துக்கா இத்தனை செலவு என்று மதுசூதன் அலுத்துக்கொண்டார். அலுப்போடு நிற்காமல் 1859இல் 'சர்மிஷ்டா' நாடகத்தைத் தானே எழுதினார். 1861இல் 'மேகநாதவத காவியம்' வந்தது. எதுகையின் பிடியிலிருந்து வங்கக் கவிதையை விடுவித்து, இந்திரஜித்தை நாயகனாக்கிய நூல். ஆக, ஒரு ஏமாற்றம் அவர் எழுதியது, இன்னொன்று அவர் மொழிபெயர்த்தது. இரண்டும் சேர்ந்துதான் அவரை வங்காளியாக்கின.

கதை இத்துடன் முடியவில்லை. 1877இல் 'பாரதி' இதழில் 16 வயதுப் பையன் ஒருவன் மேகநாதவதத்தைப் பிய்த்து உதறினான். பையனின் பெயர் ரவீந்திரநாத் தாகூர். பிற்காலத்தில் தன் வாழ்க்கை நினைவுகளில் அதைத் தன் இளமைத் துடுக்கு என்று அவரே ஒப்புக்கொண்டார். காவியம் அசையவில்லை. அசைந்தது விமர்சகரின் தீர்ப்புதான்.

எனவே, என்னைப் பட்டியல் கேட்கும் வாசகருக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. தயங்காமல் ஒதுக்க வேண்டியவை எவை என்று கேட்டால் மொழிபெயர்ப்புகளில் என்னால் சொல்ல முடியும். மொழிபெயர்த்தவர் பெயர் இல்லாதது. எந்த மொழியிலிருந்து வந்தது என்று சொல்லாதது. பாதியை வெட்டிவிட்டுச் சுருக்கம் என்று போடாதது. வங்க நாவலில் அப்பாவின் தங்கை 'பிஷி', அம்மாவின் தங்கை 'மாஷி'. நம்மிடமும் அத்தை, சித்தி என்று தனித்தனியே உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு பேரும் 'ஆன்ட்டி'. அந்த வழியாகச் சுற்றி வந்த தமிழில் அத்தை எங்கே, சித்தி எங்கே என்று வாசகர்தான் தேட வேண்டும். இவை திறமைக் குறைவால் வருவதல்ல, வாசகரிடம் காட்டும் அலட்சியம். இங்கே கருணை வேண்டாம்.

ஆனால் ஓர் இளைஞரின் முதல் புத்தகம் சுமாராக இருந்தால் 'படிக்காதீர்கள்' என்று ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. பெத்யூன் செய்ததைச் செய்யலாம். எது சரியில்லை, எந்தப் பக்கம் போனால் சரியாகும் என்று நாலு வரி எழுதிப் போடலாம். கேப்டிவ் லேடிக்கும் மேகநாதவதத்துக்கும் நடுவே 12 வருடங்கள். அவ்வளவு காலம் காத்திருக்க வாசகர்களாகிய நமக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.