பாஸ்புக்கும் லெட்ஜரும்

வங்கியில் 34 வருடம் லெட்ஜரோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். எண்களைக் கண்டு பயந்ததில்லை. அதனால் இந்த வலைப்பூவின் நிர்வாகப் பக்கத்தில் 'கேஷ் ஹிட் 97%' என்று பார்த்ததும், பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பையன் மாதிரி திருவேற்காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கேஷ் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் தேடி, எழுத்தையும் படத்தையும் கோத்துத் தருகிறது. ஒவ்வொருவருக்கும் இப்படிச் செய்தால் சர்வர் திணறும். ஆகவே ஒருமுறை தயாரித்ததை நகலாக வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே நீட்டுகிறது. நகலைக் கொடுத்தால் ஹிட். புதிதாகத் தயாரித்தால் மிஸ். நம் பாஷையில் சொன்னால், நகல் பாஸ்புக்; தரவுத்தளம் லெட்ஜர்.

போன வருடம் எங்களோடு வேலை பார்த்த ஒருவர் காலமானார். இறுதி ஊர்வலம் மாலை 4 மணி என்று முந்தின இரவு இங்கே எழுதினேன். வெளியூர் மகன் சீக்கிரம் வந்துவிட்டதால் காலை 11 மணிக்கு மாற்றினார்கள். உடனே திருத்தினேன். என் திரையில் சரியாகவே தெரிந்தது. ஆனால் ஆவடியிலிருந்து இரண்டு நண்பர்கள் மூன்றரை மணிக்கு வந்து, கழுவிவிட்ட வாசலில் மாலையோடு நின்றார்கள். அவர்கள் போனில் இன்னும் 4 மணிதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. உள்நுழைந்திருக்கும் எனக்கு எப்போதும் லெட்ஜர், வாசகருக்குப் பாஸ்புக். நகலின் ஆயுள் ஒரு வாரம் என்று வைத்திருந்தது. திருத்தியதும் பழைய நகலை அழிக்கும் வசதி அணைந்திருந்தது. தினம் ஐம்பது பேர் வரும் இடத்துக்கு 97% எப்படி வந்தது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். பழசை வாரக்கணக்கில் நீட்டினால் வராமல் என்ன செய்யும்?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் உள்நுழையாத வாசகருக்குப் பெரும்பாலும் நகல்தான். விக்கிமீடியா 2018-ல் இதற்காகவே சிங்கப்பூரில் ஒரு மையத்தை இயக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே யாராவது ஒரு கட்டுரையைத் திருத்தினால், பழைய நகலைத் தூக்கிப்போடும்படி உடனே செய்தி போய்விடும். வேகம் வேண்டியதுதான், அதற்கு இந்த ஒழுங்கும் வேண்டும்.

சொந்தமாக வலைப்பூ வைத்திருக்கும் நண்பர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, மிஸ் எத்தனை என்று பாருங்கள். ஹிட் 90-லிருந்து 95 ஆனால் ஐந்துதான் கூடியதாகத் தெரியும். மிஸ்ஸோ 10-லிருந்து 5 ஆகிறது. சர்வரின் வேலை பாதியாகிவிட்டது. இரண்டு, கேஷை அழித்தவுடன் சதவீதம் சரியும். அது கோளாறு இல்லை. மூன்று, நகலின் வயதைக் கேளுங்கள். திருத்தம் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்போது எனக்கு 70% கூட வருவதில்லை. பக்கம் கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக்கை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதே, லெட்ஜரைப் பார் என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். கவுன்டரில் ஒருநாளும் மறக்காததை வீட்டுக்கு வந்து மறந்துவிட்டேன்.