தாயைத் திட்டாதீங்க, வாளியைப் பாருங்க!

ரொம்ப நாளா மனசுக்குள்ள புகைஞ்சிக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

போன மாசம் சிவகிரியில எங்க வீட்டுக்கு அக்கா மகள் கைக்குழந்தையோட வந்திருந்தா. 11 மாசப் பையன். தண்ணி வர்ற அன்னிக்கு வாளி, குடம், அண்டான்னு எல்லாத்தையும் நிரப்பி வைக்கிறது எங்க வழக்கம். அவ பாலை இறக்கி வெச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள, பிள்ளை தவழ்ந்து போய் வாளியைப் பிடிச்சி நின்னு, தலைகீழா உள்ள! சத்தமே இல்ல. காலு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. உடனே தூக்கினதால பிழைச்சான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கல. ஆச்சி, மதினி, எதிர்வீடுன்னு எல்லாரும் அவளைப் பிடிச்சிக்கிட்டாங்க. "பிள்ளையைப் பாக்காம அப்படி என்ன வெட்டி முறிச்ச?" ராத்திரி திருஷ்டி வேற சுத்திப் போட்டாங்க. மறுநாள் காலையில பாத்தா அதே வாளி, அதே இடத்துல, தளும்பத் தளும்ப!

2014-ல சங்கரன்கோவில் பக்கம் குத்தாலப்பேரியில ஆழ்துளைக் கிணத்துல விழுந்த 3 வயசுப் பையனை மதுரை மணிகண்டனோட ரோபோ உசிரோட மீட்டுச்சு. கை தட்டினோம். 2019 அக்டோபர் 25-ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில 2 வயசுக் குழந்தை வீட்டுப் பக்கத்துக் குழியிலேயே விழுந்துச்சு. தீபாவளியை மறந்துட்டு டிவி முன்னால உக்காந்தோம். 29-ந் தேதி சடலமாத்தான் எடுத்தாங்க. அந்த மீட்புப் பணியைப் பெத்தவங்க டிவியில பாத்துக்கிட்டிருந்த நேரத்துல, தூத்துக்குடி திரேஸ்புரத்துல 2 வயசுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணித் தொட்டியில மூழ்கிச் செத்துப் போச்சு. உடனே டிவியைத் திட்டினோம், பெத்தவங்களைத் திட்டினோம்.

பிழைச்சா மிஷினைப் புகழ்வோம். போயிட்டா தாயைத் திட்டுவோம். மூடியைப் பத்தி மட்டும் பேச மாட்டோம்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணத்தை மூடணும்னு உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிடுச்சு. அதையே நாம கேக்கல. நம்ம வீட்டு வாளிக்கு எந்தக் கோர்ட்டு வரும்?

"கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கணும்"னு சொல்ற பெரியவங்களே, சமையல், துணி, மாமனாருக்கு மாத்திரைன்னு ஒருத்தியே எல்லாம் பாக்குறப்ப எத்தனை நேரம் இமைக்காம இருப்பா? சின்னப் பிள்ளைக்கு உடம்பு அளவோட ஒப்பிட்டாத் தலை கனம் அதிகம். கவுந்தா தானா நிமிர முடியாது. ரெண்டு மூணு அங்குலத் தண்ணி போதும், நிமிஷக் கணக்குல முடிஞ்சிடும். கண்ணு அசரத்தான் செய்யும். கவுத்து வெச்ச வாளி அசராது.

வாளி மட்டுமா? கூல்டிரிங்ஸ் பாட்டில்ல மண்ணெண்ணெய், கட்டிலுக்கு அடியில எலி பேஸ்ட், தரையில இறக்கி வெச்ச கொதிக்கிற ரசம், கைப்பிடி இல்லாத மாடிப்படி... இதெல்லாம் விதியா? நாம வெச்சதுதானே?

ரொம்பிய வாளி எல்லாத்தையும் குளியலறைக்குள்ள தள்ளி, கதவுல குழந்தைக்கு எட்டாத உசரத்துல ஒரு கொண்டி அடிச்சேன். அரை மணி நேர வேலை. ஆச்சி இன்னமும் கண்ணேறுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா. சொல்லட்டும். கொண்டி இருக்கு.