துப்பாக்கி மோகமா? தொழில்நுட்ப ஆர்வமா?

பப்ஜி, வேலரண்ட் போன்ற விளையாட்டுகளில் ஊறிய மாணவர்களுக்கு அடுத்தபடியாக ஓர் ஆசை வருகிறது. திரையில் கண்ட துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் இயற்பியல் டியூஷன் நடத்தும் என்னிடம் படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: "சார், ஏர்சாஃப்ட் வாங்கினால் எது வாங்கலாம்? அதை எப்படி அப்கிரேட் செய்வது?"

இந்தக் கேள்வியை நான் அதட்டி ஒதுக்குவதில்லை. அதற்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஆனால், மலேசியாவில் அதை வாங்காதீர்கள் என்பதே என் பதில். வெறும் "வேண்டாம்" என்ற சொல் இளைஞர்களுக்குப் போதாது என்பதால் காரணத்தையும் சொல்கிறேன்.

ஏர்சாஃப்ட் 1970களில் ஜப்பானில் பிறந்த பொழுதுபோக்கு. அங்கே உண்மைத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் எளிதில் இடம் தராது. அதனால், அசலைப் போன்ற தோற்றத்தில், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டையைக் காற்றழுத்தத்தால் தள்ளும் மாதிரிகளைச் செய்தார்கள். 1991இல் தோக்கியோ மாருய் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் மாதிரியை வெளியிட்ட பிறகு இது உலகெங்கும் பரவியது. உள்ளே இருப்பது மோட்டார், பற்சக்கரங்கள், ஸ்பிரிங், பிஸ்டன். மோட்டார் சுழன்று ஸ்பிரிங்கை இழுத்து விடுகிறது. பிஸ்டன் காற்றைத் தள்ளுகிறது. காற்று உருண்டையைத் தள்ளுகிறது.

புதிதாக வாங்குபவர் முதலில் செய்ய நினைப்பது, இன்னும் கடினமான ஸ்பிரிங்கைப் பொருத்துவது. கணக்கைப் பாருங்கள். 0.20 கிராம் உருண்டை வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் இயக்க ஆற்றல் 1 ஜூல். வேகத்தை 140 மீட்டராக்கினால் ஏறக்குறைய 2 ஜூல். வேகம் 40 விழுக்காடுதான் கூடியது. ஆற்றலோ இரு மடங்காகிவிட்டது. அனுமதி உள்ள நாடுகள் வரம்பை ஜூல் கணக்கில் வைப்பதற்கு இதுவே காரணம். ஜப்பானில் 1 ஜூலுக்குச் சற்றுக் குறைவு; ஹாங்காங்கில் 2 ஜூல். அந்த வரம்புக்குள்ளும் கண்ணாடி அணியாதவரின் கண் போய்விடலாம். மற்ற பாகங்களை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பற்சக்கரத்தின் பற்களும் உடையும். அனுபவசாலிகள் வேகத்தைத் தேடுவதில்லை. காற்று கசியாமல் அடைப்பதிலும், ஒவ்வோர் உருண்டையும் ஒரே வேகத்தில் ஒரே இடத்துக்குப் போவதிலும்தான் அவர்கள் கவனம் செலுத்துகிறார்கள். இந்தக் கலையின் உயிர் துல்லியம், வலிமை அல்ல.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவின் கீழ், போலி ஆயுதம் வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். கொள்ளை போன்ற குற்றத்தில் போலித் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. "இது பிளாஸ்டிக் உருண்டைதானே, ஜெல் உருண்டைதானே" என்ற வாதம் காப்பாற்றாது. உள்ளே என்ன போடுகிறோம் என்பதைவிட, வெளியே அது எதைப் போல இருக்கிறது என்பதே கேள்வி. வேனில் ஹாட்யாய் போய் வருவது பினாங்குவாசிகளுக்குப் புதிதல்ல. அங்கே கடையில் தொங்குகிறது என்பதற்காக இங்கே கொண்டுவர முடியாது. இணையத்தில் கிடைக்கிறது என்பதும் அனுமதி ஆகாது.

சட்டம் ஏன் தோற்றத்துக்கு அஞ்சுகிறது? லிட்டில் இந்தியாவில் அஞ்சடியில் ஒரு பையன் கருப்புத் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று வையுங்கள். எதிரே வரும் அம்மாவுக்கும், ரோந்து வரும் போலீசுக்கும் அது பொம்மை என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22ஆம் தேதி 12 வயது தாமிர் ரைஸ் பூங்காவில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. வந்த போலீஸ்காரர் சில வினாடிகளில் சுட்டார், சிறுவன் இறந்துபோனான். பேங்காக்கில் நடந்தது வேறு வகை. 2023 அக்டோபர் 3ஆம் தேதி சியாம் பாராகன் பேரங்காடியில் 14 வயதுச் சிறுவன் பிறரைச் சுட்டான். அவன் கையில் இருந்தது வெற்றுத் தோட்டாவுக்கான துப்பாக்கி. உண்மைத் தோட்டா பாயும்படி மாற்றப்பட்டிருந்தது. "அப்கிரேட்" என்ற சொல் அந்த எல்லை வரைக்கும் நீளக்கூடியது.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. நம் இளைஞர்களைக் குண்டர் கும்பலோடு சேர்த்துப் பார்க்கும் கண்கள் இந்நாட்டில் இருக்கவே செய்கின்றன. அது அநியாயம்தான். ஆனாலும் போலித் துப்பாக்கியோடு எடுத்த ஒரு டிக்டாக் காணொளி, அந்தக் கண்களுக்கு நாமே கொடுக்கும் சாட்சியாகிவிடும். ஒரு வழக்கு பதிவானால் வேலை நேர்காணல்வரை அது பின்தொடரும்.

மற்ற நாடுகளில் அனுமதி இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜூல் வரம்பு, தனித் திடல், வயது விதி எல்லாம் வைத்து இங்கும் முறைப்படுத்துங்கள் என்று மனு எழுதலாம். அது குடிமகனின் உரிமை. அதுவரை ரகசியமாகப் பொட்டலம் வரவழைப்பவர் எந்தச் சட்டத்தையும் மாற்றப் போவதில்லை. தன் எதிர்காலத்தைத்தான் பணயம் வைக்கிறார்.

சரி, அந்த ஆர்வத்தை என்ன செய்வது? பற்சக்கரமும் மோட்டாரும் பிடிக்கும் என்றால் ரோபோட்டிக் கழகத்தில் சேருங்கள். ரிமோட் கார், டிரோன் செய்யுங்கள். அங்கேயும் அதே மின்கலம், அதே கணக்கு. குழு ஆட்டம் பிடிக்கும் என்றால் உரிமம் பெற்ற பெயிண்ட்பால் திடல் இருக்கிறது. குறிபார்ப்பதுதான் பிடிக்கும் என்றால் அது ஒலிம்பிக் விளையாட்டு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். நம் நாட்டு நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக அந்தப் போட்டியில் நின்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் அதே பிரிவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். இருவரும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தது அசையாமல் நிற்கவும், மூச்சை அடக்கவும், பொறுமை காக்கவும்தான்.

இதில் பெரியவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 1998 காமன்வெல்த் போட்டிக்கான துப்பாக்கிச் சுடுதல் நமக்கு அருகிலுள்ள லங்காவியில்தான் நடந்தது. ஆனால், ஒரு பினாங்கு மாணவன் இந்த விளையாட்டில் சேர எங்கே போய், யாரைக் கேட்பது? இடைநிலைப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கையில் பயிற்றுநரின் கண்காணிப்பில் ஏர் ரைஃபிள் கழகங்கள் வர வேண்டும். மாநில விளையாட்டு மன்றமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதைப் பேசத் தொடங்கலாம். முறையான பாதை கண்ணுக்குத் தெரிந்தால் குறுக்குச் சந்தைத் தேடும் மாணவர்கள் குறைவார்கள்.

மாணவர்களே, உங்கள் பள்ளியில் அப்படி ஒரு கழகம் வேண்டும் என்றால் நாளைக்கே புறப்பாட ஆசிரியரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள். துப்பாக்கி மாதிரிக்காகச் சேர்த்து வைத்திருக்கும் ரிங்கிட்டைப் பயிற்சிக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள்.