பேக்லிங்க்கும் ஒரு ப்ராக்ஸிதான்!

"ஆயிரம் பேக்லிங்க், ஐநூறு ரூபாய், ஒரே வாரத்தில் கூகுள் முதல் பக்கம்!" இப்படி ஒரு விளம்பரம் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். சிம்போசியத்துக்கு வெப்சைட் போட்டவங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையே ஸ்டார்ட்-அப் ஆக்கணும்னு டொமைன் வாங்கினவங்க, ஒரு நிமிஷம் சபலப்படுவீங்க. என்னைக் கேட்டா, அந்த ஐநூறு ரூபாய்க்கு பிரியாணி சாப்பிடுங்க.

பேக்லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மவுசு? 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் படிச்சிட்டிருந்த செர்ஜி பிரினும் லாரி பேஜும் சொன்ன பேஜ்ரேங்க்தான் காரணம். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஓட்டு மாதிரி. ஆனால் எல்லா ஓட்டும் சமம் இல்லை. ஒரு பக்கம் தன்கிட்ட இருக்கிற மதிப்பைத்தான் தன் லிங்க்குகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். யாரும் சீண்டாத பக்கம், அதில் முந்நூறு லிங்க். உங்க பங்கு எவ்வளவு தேறும்னு நீங்களே கணக்குப் போடுங்க. (ஐகன் வேல்யூ எதுக்குடா படிக்கிறோம்னு ஃபர்ஸ்ட் இயர்ல புலம்பினோமே, பேஜ்ரேங்க் கணக்கே அதுதான்.)

அப்போ பயனில்லை, அவ்வளவுதானே? அவ்வளவு மட்டும் இல்லை. ப்ராக்ஸி அட்டென்டன்ஸ் மாதிரிதான் இது. ஒரு குரல் தப்பிச்சிடும். ஒரே குரல் இருபது ரோல் நம்பருக்கு "பிரசென்ட் சார்" சொன்னா?

அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்கு அதுதான் நடந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்தபோது, குறட்டை, பல் டாக்டர், அலுமினியத் தகடு பற்றின சைட்டுகளில் எல்லாம் அந்தக் கடையின் துணிகளுக்கு லிங்க்! கூகுள் கையாலேயே நடவடிக்கை எடுத்தது. ஒரு சாம்சொனைட் பெட்டித் தேடலில் முதல் இடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-க்குப் போச்சு. எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லி, எஸ்.இ.ஓ. கம்பெனியை வேலையை விட்டு அனுப்பினாங்க. ஆனாலும் போன இடம் உடனே திரும்பி வரலை.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை அதே மாதத்தில் நடந்தது. ஓவர்ஸ்டாக் என்ற ஆன்லைன் கடை, கல்லூரி சைட்டுகளில் லிங்க் போட்டால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 10 சதவீதம் தள்ளுபடின்னு அறிவிச்சது. கல்லூரி டொமைனுக்கு மதிப்பு அதிகம்னு அவங்களுக்குத் தெரியும். அந்தக் கடையையும் கூகுள் கீழே தள்ளியது. அதனால டிபார்ட்மென்ட் சைட்டின் அட்மின் பாஸ்வேர்ட் கையில் இருக்கிற நண்பர்களே, "ஒரே ஒரு லிங்க், ஜிபே பண்றேன்"னு யாராவது வந்தால் அவங்க வாங்குறது உங்க காலேஜ் பெயரைன்னு புரிஞ்சுக்கோங்க.

2012 ஏப்ரலில் பென்குயின் அப்டேட் வந்தபின் இந்த வேட்டை தானியங்கி ஆச்சு. 2016-ல் அதை மாத்தினாங்க: மோசமான லிங்க்குக்காக சைட்டையே தண்டிக்காமல், பெரும்பாலும் அந்த லிங்க்கை மதிக்காமல் விட்டுடுறது. "அப்போ பயமில்லையே"ன்னு குதிக்காதீங்க. அந்த லிங்க்குகளை நம்பி மேலே ஏறியிருந்தால், அது செல்லாமல் போற அன்னிக்கு நீங்களும் இறங்குவீங்க. காசு கொடுத்து வாங்கினது தெரிஞ்சா, மனிதர்கள் பார்த்து எடுக்கிற நடவடிக்கை இன்னமும் இருக்கு.

இன்னொரு பக்கம், யாரோ ஸ்பேம் சைட் தானா லிங்க் கொடுத்திருக்குன்னு அலறவும் வேண்டாம். அது எல்லா சைட்டுக்கும் வரும், கூகுள் கண்டுக்காது. சர்ச் கன்சோலில் "மேனுவல் ஆக்ஷன்ஸ்" பக்கம் காலியா இருக்கான்னு பாருங்க. இருந்தா நிம்மதியா தூங்கலாம். இல்லைன்னா விலைக்கு வாங்கின லிங்க்குகளை ஒவ்வொன்றா எடுக்கச் சொல்லிக் கெஞ்சணும், எடுக்க முடியாததை டிஸ்அவோ ஃபைலில் எழுதணும், மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கணும், பதில் வரும்வரை காத்திருக்கணும். சிம்போசியம் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.