தபால் வண்டியும் அரசாங்கச் சிக்கனமும்

சிக்கனத்தைப் பற்றிக் குடிகளுக்கு உபதேசஞ் செய்யாத அரசாங்கம் உலகில் இல்லை. தன் கந்தோர்களில் வீணே எரியும் விளக்கையும், தன் உத்தியோகத்தர் ஓட்டித் திரியும் வண்டியையும் கணக்கெடுத்துப் பார்த்த அரசாங்கங்களோ மிகச் சிலவே. அங்ஙனம் பார்க்க முற்பட்டவற்றுள் ஐக்கிய அமெரிக்க மத்திய அரசாங்கமும் ஒன்று. அந்நாட்டிலேயே மிகுதியான எரிசக்தியைச் செலவிடும் தனி நிறுவனம் அதுவேயாகும். ஏறத்தாழ மூன்று இலட்சம் கட்டடங்களும், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளும் அதற்கு உண்டு.

பழைய கொதிகலனை மாற்றினால் பணம் மிஞ்சும் என்பது எந்தக் கட்டடப் பொறியியலாளருக்குந் தெரியும். எனினும் செலவு இவ்வருட வரவுசெலவுத் திட்டத்தில் விழுகின்றது. இலாபமோ பதினைந்து வருடங்களிற் சிறிது சிறிதாக வருகின்றது. இன்றைய அதிகாரி நாளைய அதிகாரிக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுப்பாரா? இதற்கு அமெரிக்கர் கண்ட உபாயம் ஒன்று உண்டு. தனியார் கம்பனி தன் முதலைக் கொண்டு விளக்கு, குழாய், இயந்திரம் யாவற்றையும் மாற்றிக் கொடுக்கும். மின்சாரக் கட்டணத்தில் மிஞ்சும் தொகையிலிருந்து இருபத்தைந்து வருடம் வரை அதற்குத் தவணை செலுத்தப்படும். இத்தகைய முயற்சிகளுக்கு ஊன்றுகோலாகவே 2021ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டம் 25 கோடி டொலரை ஒதுக்கியது. பாதுகாப்புத் தலைமையகமாகிய பென்டகனின் கூரையிற் சூரியத் தகடுகளைப் பதிக்கும் திட்டம் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டதும் இந்நிதியைக் கொண்டே. பார்வைக்குக் கவர்ச்சியற்ற இக்கொதிகலன் வேலையே அரசாங்கப் பணத்துக்கு மிகவும் உறுதியான பயனைத் தருவது என்பது என் எண்ணம். ஆயினும் ஊரார் கண்ணிற் படுவது வண்டியேயன்றோ?

வண்டிகளுட் பெரும்பங்கு தபாற் சேவையினுடையது. 1987 முதல் 1994 வரை செய்யப்பட்ட அலுமினிய வண்டிகளே அங்கு இன்னும் மிகுதியாக ஓடுகின்றன. இருபத்துநான்கு வருடம் உழைக்குமென்று வாங்கியவை முப்பதைக் கடந்துவிட்டன. குளிரூட்டும் வசதி அவற்றில் இல்லை. கோடையிலே தபாற்காரர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! வீதியோரத் தபாற்பெட்டிக்குக் கை எட்டவேண்டுமென்று, அந்நாட்டு வழக்கத்துக்கு மாறாக, நம் நாட்டு மோட்டார்களிற் போலவே சுக்கானை வலப்புறத்தில் வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய வண்டி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை நின்று புறப்படுகின்றது. நிற்கும்போதும் பெற்றோல் இயந்திரம் எரிபொருளைக் குடித்தபடியே இருக்கும். மின்சார வண்டியோ நிற்கும்போது ஓட்டத்துக்கென மின்சாரம் செலவிடுவதில்லை. தடை போடுங்கால் சக்கரத்தின் வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி மீண்டும் பற்றரிக்கே அனுப்பிவிடும். பாதையுங் குறுகியது, இரவில் ஒரே முற்றத்துக்குத் திரும்புவதால் மின்னேற்றவும் வசதி. இதைவிடப் பொருத்தமான வேலையை மின்சார வண்டிக்குத் தேடிக் கண்டுபிடித்தல் அரிது.

இருந்தும், 2021 பெப்ரவரியிற் புதிய வண்டிகளுக்கு ஒப்பந்தஞ் செய்தபோது பத்தில் ஒரு பங்குக்கே மின்சாரம் என உறுதி கூறப்பட்டது. எஞ்சிய பெற்றோல் வண்டிகள் குளிரூட்டியை இயக்கியபடி ஒரு கலனுக்கு 8.6 மைலே ஓடுமென்று தபாற் சேவையின் சொந்த அறிக்கையே கூறியது. அச்சேவை பொதுவாக வரிப்பணத்தில் நடப்பதன்று; முத்திரை முதலியவற்றின் வருவாயிலே நடப்பது. ஆகவே கையிற் காசில்லாதவன் மலிவான அடுப்பையே வாங்கியது போலாயிற்று. 2022 ஆகஸ்டில் கொங்கிரஸ் ஏறத்தாழ 300 கோடி டொலரை வழங்கியது. அவ்வருட டிசம்பரிலேயே, 2028க்குள் 66,000 மின்சார வண்டிகள் என்று திட்டம் மாறிற்று. பொதுப்பணம் ஒரு தீர்மானத்தை எவ்வாறு மாற்றவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

தீர்மானம் வேறு, வண்டி வேறு. வாத்தின் அலகுபோன்ற முன்புறமுடைய அப்புதிய வண்டிகளில், 2024 நவம்பர் வரை தபாற் சேவையை வந்தடைந்தவை நூற்றுக்குங் குறைவே.

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ‘புகை கக்காத வண்டி’ என்பது வண்டியின் வாலைப் பற்றிய பேச்சு மட்டுமே. 2023இல் அமெரிக்க மின்சாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு எரிவாயு, நிலக்கரி முதலியவற்றை எரித்தே பெறப்பட்டது. மின்சார இயந்திரம் சக்தியை வீணாக்குவது குறைவாதலால் மொத்தக் கணக்கிலும் அதுவே மேலானது. ஆனால் கணக்கை மின்னிலையத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

இனி அரசியல். 1979இல் ஜனாதிபதி காட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் நீரைச் சூடாக்க 32 சூரியத் தகடுகளை வைத்தார். 1986இல், றேகன் காலத்தில், கூரை திருத்தும்போது அவை இறக்கப்பட்டு மீளவும் ஏற்றப்படவில்லை. பின்னர் மெயின் மாநிலக் கல்லூரி ஒன்று அவற்றைப் பெற்றுத் தன் உணவுச்சாலைக்கு வெந்நீர் காய்ச்சியது. அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 2035க்குள் அரசாங்கம் வாங்கும் வண்டி யாவும் புகையற்றனவாதல் வேண்டுமென 2021 டிசம்பரில் பைடன் இட்ட ஆணை, 2025 ஜனவரி 20ஆந் திகதி, டிறம்ப் பதவியேற்ற அன்றே நீக்கப்பட்டது.

அவ்வருட யூன் மாதம் செனற் சபையில் ஒரு யோசனை எழுந்தது: தபாற் சேவையின் மின்சார வண்டிகளையும் மின்னேற்றும் சாதனங்களையும் விற்றுவிடலாம் என்பது. அப்போது ஏறத்தாழ 7,200 வண்டிகள் சேவையில் இருந்தன. விற்பதனால் 150 கோடி டொலர் நட்டமே நேருமெனத் தபாற் சேவை விடையிறுத்தது. வரவுசெலவு மசோதாவுக்குள் இதனைப் புகுத்திச் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற இயலாதெனச் சபையின் விதிமுறை அதிகாரி தீர்ப்பளித்தார். வண்டியையாவது ஏலத்தில் விடலாம். முற்றத்துக்கு அடியிற் புதைத்த மின்கம்பிகளைத் தோண்டி எடுத்து யாருக்கு விற்பது?